ஒன்பது விநாடியில் எழும்பும் பெட்டி

சர்மிளாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், வேலை தொடங்கிவிடும். வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, உயர்தர வகுப்பில் கணிதம் படித்து, பல்கலைக்கழகத்தை மயிரிழையில் தவறவிட்டு, பதினொரு வருடமாக ஹட்டனில் ரிஸ்வி நானாவின் கொம்பியூட்டர் கடையில் திருத்த வேலை பார்க்கிறவள். போன ஆனியில் தொடங்கி ஐந்து வாரம் அவள் யாரோடும் நேராக நாலு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு கோபம்.

கோபத்துக்குக் காரணம் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த பழைய கொம்பியூட்டர். கொழும்பிலுள்ள ஒரு தொண்டு நிறுவனம் அதையும், ஒரு திரையையும், ஒரு கமராவையும் அங்கே வைத்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பகல் இரண்டு மணிக்கு டவுனிலிருந்து டாக்டர் றுக்கையா திரையில் வருவார். மருத்துவிச்சி நாகலெட்சுமி கமராவைப் பிடிக்க, அவர் புண்ணையும் நாக்கையும் பார்த்து மருந்து சொல்வார். டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேரும் கூலியும் போய்விடுமே என்று நோயை மறைத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலை ஏறுகிற பெண்கள், கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து காட்டிவிட்டுப் போனார்கள்.

அவர்களில் ஒருத்தி சர்மிளாவின் அம்மா வீரம்மா. சீனி வருத்தக்காரி, நீரிழிவு. அட்டை கடித்த இடம் இடது கால் சுண்டுவிரலில் புண்ணாகி ஆறாமல் கிடந்தது. பெரியாஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவாள். டாக்டர் திரையில் வருவதால் மட்டுமே காலைக் காட்டினாள்.

அந்தக் கொம்பியூட்டர்தான் கூரையில் கட்டிய டொங்கலிலிருந்து இணையத்தை வாங்கி, டவுனுக்குப் போகும் பூட்டிய வழியில் அனுப்ப வேண்டும். நோயாளிகளின் விவரம் போவதால் அந்த வழியைத் தவிர வேறெதையும் நிறுவனம் ஏற்காது. இதற்கென்றே விற்கிற ரவுட்டர்கள் இரண்டு, தேயிலை பெக்டரி மோட்டார் போடும்போதெல்லாம் குதிக்கிற கரண்டில் எரிந்துபோயின. அதனால்தான் கரண்ட் குதித்தாலும் எரியாத இந்தக் கிழட்டுப் பெட்டி. ஒரு வெள்ளிக்கிழமை கரண்ட் போய் வந்தது. பெட்டி எழும்பாமல், டிஸ்க்கைத் திருத்தவா வேண்டாமா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு நின்றது. எதையாவது அமத்தி இன்னும் கெட்டுவிடுமோ என்று நாகலெட்சுமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று டாக்டரைப் பார்க்க முடியாமல் பதினாலு பேர் திரும்பினார்கள். மாலையில் சர்மிளா போய்ப் பெட்டியை ஒருவழியாக எழுப்பிவிட்டாள். ஆனால் இன்னொரு நாள் தவறினால் எல்லாவற்றையும் டவுனுக்கே மாற்றிவிடுவோம் என்று நிறுவனம் எழுதிவிட்டது.

"நாலு கோடிப் பேருக்குச் செஞ்ச சட்டைய நம்ம பெட்டிக்குப் போட்டுருக்காங்க நானா. பாட்டு, படம், பிரிண்டர், எல்லாம் உள்ள கெடக்கு. நமக்கு வேண்டியது வழி விடுற வேல ஒன்னுதான். நானே ஒரு இயங்குதளம் கட்டப் போறேன்" என்றாள் சர்மிளா, பேச்சு நிற்பதற்கு முன்.

"புது ரவுட்டர் ஒண்டு வாங்கிப் போட்டா முடிஞ்சி போற வேலைக்கு என்னத்துக்கு தங்கச்சி இவ்வளவு பாடு?"

"மூணாவதும் எரியும் நானா."

ரிஸ்வி நானா மூலையில் கிடந்த கொம்பியூட்டரைத் தூசி தட்டி வைத்தார். பகல் சாப்பாட்டு நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் கடையின் மூலைக் கொம்பியூட்டர் அவளுடையது என்று விட்டுவிட்டார். அவளுக்குச் சாப்பிடக் கறிபன்னும் அவரே வாங்கி வைத்தார். நல்ல மனுஷன், ஆனால் தான் நல்லவர் என்பதை யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்று மூஞ்சியை எப்போதும் கடுகடுவென்று வைத்திருப்பார்.

அவள் செய்தது கட்டும் வேலை என்பதைவிடக் கழிக்கும் வேலை. இயங்குதளத்தின் அடிநிரலை எடுத்து, ஒவ்வொரு பகுதியாக, இது வேண்டுமா என்று கேட்டாள். சத்தம் வேண்டாம். பிரிண்டர் வேண்டாம். படம் காட்டும் வேலையே வேண்டாம், கறுப்புத் திரையில் எழுத்து போதும். வெறி பிடித்துக் கழித்ததில் ஒருமுறை கீபோர்டையும் கழித்துவிட்டாள். பெட்டி அழகாக எழும்பியது, அவளிடமிருந்து ஒரு எழுத்தையும் வாங்க மாட்டேன் என்றது. எண்பத்துமூன்று முறை பாதியில் செத்தது. எண்பத்துநான்காவது முறை எழும்பியபோது போனில் ஒரு பாட்டு பிடிக்கும் இடம்கூட அதற்குத் தேவைப்படவில்லை. ஒரு சின்ன யூஎஸ்பி ஸ்டிக்கிலிருந்து ஒன்பது விநாடியில் நினைவகத்துக்குள் ஏறிக்கொள்ளும். பிறகு டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதாது. கரண்ட் எத்தனை தடவை போனாலும் கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. கடையில் நாற்பது தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். நாற்பது தடவையும் கேள்வி கேட்காமல் எழும்பியது.

ஐந்தாவது வாரத்து வெள்ளி காலையில் மருந்தகத்துப் பெட்டியில் ஸ்டிக்கைச் சொருகி, டவுன் வழிக்குப் புதுச் சாவி போட்டாள். வழி திறந்தது. ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், அங்கே பிளக்கைப் பிடுங்கிப் பார்க்காமலே ஓடினாள். அன்று டாக்டர் திரையில் வந்து பார்த்தது குறையில்லாமல் நடந்தது. அதிசயமாக நாலு நாள் கரண்டும் போகவில்லை.

செவ்வாய் பகல் மழை கொட்டியது. அம்மாவின் விரல் நிறம் மாறியிருந்ததால் சர்மிளா அரை நாள் லீவு போட்டு அவளைத் தானே கூட்டி வந்திருந்தாள். ஒன்றரைக்குக் கரண்ட் போனது. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது. ஒன்பது விநாடி. பெட்டி எழும்பிவிட்டது. நாகலெட்சுமி கையைத் தட்டினார்.

ஆனால் வழி திறக்கவில்லை.

இங்கிருந்து தட்டுகிறது, அங்கிருந்து பதில் இல்லை. இணையம் இருக்கிறது, சாவி சரி, வயர் சரி. அம்மா நீள மர வாங்கில் உட்கார்ந்து காலைத் துணியால் மூடிக்கொண்டாள். இரண்டு மணி ஆனது. தன்னுடைய வீம்பால்தான் டாக்டர் திரை டவுனுக்குப் போகப் போகிறது என்று சர்மிளாவுக்குப் பட்டது.

"என்னா புள்ள, வேல செய்யலன்னா விடு. நான் நாளைக்கி மலைக்கிப் போகணும்" என்றாள் வீரம்மா.

"பேசாம இரும்மா!"

திரையில் வந்த வரிகளை மறுபடி மேலிருந்து வாசித்தாள். முதல் வரியிலேயே நாள் இருந்தது. 2010 ஜனவரி முதலாம் திகதி.

பெட்டியின் உள்ளே நேரத்தைக் காக்கும் காசளவு பெட்டரி எப்போதோ செத்திருந்தது. பழைய இயங்குதளம் இணையத்தில் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டது. அந்த வேலையைச் செய்யும் நிரலை அவள்தான் மூன்றாவது வாரத்தில் கழித்துவிட்டிருந்தாள். லயத்தில் வளர்ந்தவள் வேறென்ன செய்வாள்? சுவர்க் கடிகாரம் நின்றால் அங்கே யாரும் பெட்டரி மாற்றுவதில்லை. நேரத்தைச் சொல்லத்தான் பெக்டரி சங்கு இருக்கிறதே; வீட்டுக்குள் எதற்கு இன்னொன்று என்று கொம்பியூட்டரிலும் நினைத்துவிட்டாள். பூட்டிய வழியோ ஒவ்வொரு தடவை தட்டும்போதும் நேரம் கேட்கும். போன தடவை சொன்னதைவிடப் பிந்திய நேரமாக இல்லாவிட்டால், யாரோ திருடன் பழைய சீட்டைக் காட்டுகிறான் என்று கதவைத் திறக்காது. கடைக் கொம்பியூட்டரின் பெட்டரி நல்லது. அதனால் நாற்பது தடவையும் இந்தப் பிழை அகப்படவில்லை; வெள்ளியிலிருந்து இங்கே கரண்டும் போகவில்லை.

போனைப் பார்த்து நாளையும் மணியையும் கையால் அடித்தாள். இரண்டு ஏழுக்கு வழி திறந்தது. டாக்டர் றுக்கையா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காலைக் கிட்டக் காட்டுங்க நாகலெட்சுமி. இன்னும் கிட்ட." டாக்டர் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு, "வீரம்மா, சுண்டுவிரல் கறுத்துட்டுது. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இண்டைக்குப் போனா விரலோட முடியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருந்தா பாதத்துக்கு என்னால பொறுப்புச் சொல்ல ஏலாது."

வீரம்மா மகளைப் பார்த்தாள். எப்போதும்போல எழுந்து போகவில்லை. "வேனுக்குச் சொல்லு" என்றாள்.

புதன்கிழமை காலையிலேயே விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. பகல் ஒரு மணிக்குக் கடைக்கு வந்த சர்மிளா, வழியைத் தட்டுவதற்கு முன் வெளி இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஒரு சின்ன நிரலைச் சேர்த்தாள். வியாழன் மருந்தகத்துக்குப் போய் ஸ்டிக்கை மாற்றி, இந்தத் தடவை அங்கேயே பத்து முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள்.

வெள்ளி பகல் மூன்று மணிக்கு அவள் வார்டில் அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. நாகலெட்சுமி.

"சர்மிளா, இன்னைக்கி மூணு தரம் கரண்ட் போச்சு. ஒன்ன கூப்பிடலாம்னு போன எடுத்தேன், அதுக்குள்ள அதுவா வந்துருச்சு. மூணு தரமும்! நான் தொடவே இல்ல. டாக்டரு ஒம்பது பேர பாத்துட்டாங்க."

"சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். சோற்றுக் கையோடு அழுதாள்.

"யாரு புள்ள? அங்க பொட்டி நின்னுருச்சா? நீ இங்க இருக்கியே, அத யாரு பாத்துக்குவா?" என்று பதறினாள் வீரம்மா.

"யாரும் பாக்க வேணாம்மா" என்றாள் சர்மிளா. "நீ சாப்புடு."