முத்திரை மோதிரமும் ஐந்து வெறுந்தாளும்

கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் ஞாயிறுதோறும் தொலைநிலைக் கல்வி வகுப்பு நடக்கும். திருமங்கலத்துக்குப் பக்கத்து ஊராட்சித் தலைவர் சரண்யாதேவி அங்கே எம்.ஏ. தமிழ் படித்தாள். தலைவர் என்று பெயர்தான். நாற்காலியில் முதலில் உட்காருவது கணவன் சின்னக்கருப்பன்.

அன்றைக்குப் பாடம் ஒரு பழைய மேடை நாடகம். வேட்டைக்குப் போகும் அரசன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுக்கிறான். மந்திரி மதகை அடைக்கிறான். கீழூர்ப் பயிர் கருகிப்போகிறது. ‘எனக்குத் தெரியாது’ என்கிறான் அரசன். அவன் குற்றவாளியா?

“ராசா என்ன செய்வாரு? அம்புட்டும் மந்திரி பண்ணுனது” என்று முந்திக்கொண்டு சொன்னாள் சரண்யாதேவி. வகுப்பே தலையாட்டியது. அவளுக்குத்தான் சொல்லி முடிக்குமுன்னே தன் கையெழுத்து நினைவுக்கு வந்தது.

காலையில் கிளம்பும்போது, “நீ படிக்கப் போனா ஊர் வேலை நிக்கலாமா?” என்று கணவன் நீட்டிய ஐந்து வெறும் லெட்டர்பேடு தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். வாராவாரம் போடுவதுதான். அதில் பிறகு என்ன எழுதினார்கள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? மகராசி, நாடகத்தை மட்டும் மூன்று தடவை படித்திருந்தாள்.

வராந்தாவுக்கு ஓடி ஊராட்சிச் செயலர் முத்துக்குமரனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, எத்தனை தாள் மிச்சம்?”

“நாலுக்கா. ஒண்ணு பிளாட் போடுறவருக்குக் கொடுத்தாச்சு. சுடுகாட்டுப் பாதையை அடைச்சுக்கிட ஆட்சேபணை இல்லைன்னு அண்ணந்தான் எழுதச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதாக்கா?”

தெரியாது என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

அவள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போக அது ஒன்றுதான் பாதை. அவள் அப்பாவின் பாடையை வயல் வரப்பில் சரிந்து சரிந்துதான் தூக்கிப் போனார்கள். அப்புறம் தெருவே மறியலில் உட்கார்ந்து வாங்கிய பாதை. அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டாள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் திருமங்கலம்வரை நின்றுகொண்டே வந்தாள். ஊராட்சி அலுவலகத்தில் சின்னக்கருப்பன் அதே நாற்காலியில் இருந்தான். சுடுகாட்டுப் பாதையைப் பற்றிக் கேட்டாள்.

“வேற பாதை போட்டுத் தாரேன்னு பிளாட்காரரு சொல்லியிருக்காரு. கொடுத்த தாள்ல இருக்கிறது உன் கையெழுத்து. இப்ப மாத்திப் பேசுனா வெறுந்தாள்ல போட்டது வெளிய வந்து பதவியே போயிரும். பேசாம இரு.”

“போகட்டுங்க. எந்திரிங்க.”

அவன் எழுந்து நகர்ந்தான். மேசைமேல் இருந்த மிச்ச நாலு தாளையும் கிழித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, கலெக்டருக்கு எழுதப் புதுத்தாள் எடுத்தாள். பழக்கதோஷத்தில் பேனா நேரே தாளின் அடிக்குப் போனது. இழுத்து மேலே கொண்டுவந்தாள்.

‘படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் குற்றம்’ என்று முதல் வரி எழுதினாள்.