யார் கொண்டுவந்த மூட்டைப்பூச்சி

மூட்டைப்பூச்சியைக் கொல்லக் கட்டைவிரல் நகம் போதும். ஆனால் அவசரப்படக் கூடாது. விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். சுவரோடு வைத்து நகத்தைச் செங்குத்தாக அழுத்த வேண்டும். டப் என்று வெடிக்கும். உள்ளே இருக்கிற ரத்தம், அதாவது நம்முடைய ரத்தம், சுண்ணாம்பில் கோடாக இழுபடும். அழுகின கொத்தமல்லிக் கட்டின் நாற்றம் வரும். ரேணிகுண்டா ரோட்டில் இருந்த அந்தப் பெண்கள் விடுதிக்கு வந்த கொஞ்ச நாளிலேயே என் நகம் இந்த வேலையில் தேறிவிட்டது. பொய் சொல்வானேன், அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அடி வாங்கியே பழகினவளுக்கு அடிக்க ஏதாவது கிடைத்தால் விடுவாளா?

நான் சாந்திபுரம் பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். கட்டிக்கொண்டவன் குடித்தால் அடிப்பான். குடிக்காத நாளில் குடிக்க முடியவில்லையே என்று அடிப்பான். ஒரு மத்தியானம் அம்மிக்குழவியைத் தூக்கி என் தலையைப் பார்த்து எறிந்தான். நான் குனிந்ததில் அது சுவரைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அவன் தூங்கினதும் ஒரு பையில் துணியையும் ஒரு பழைய போர்வையையும் திணித்துக்கொண்டு குப்பத்தில் பஸ் ஏறினேன். சித்தூரில் இறங்கி வேறு பஸ் மாறித் திருப்பதிக்கு வந்து சேர்ந்தேன். ஸ்ரீசிட்டியில் செல்போனுக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது.

வெளியூர்ப் பெண்கள் விடுதியில் தங்கினால்தான் அந்த வேலை. விடுதி வாசலில் பஸ் ஏற்றிக்கொண்டு போவார்கள், திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். விடுதி போனால் வேலை போச்சு. வேலை போனால் நைனா வீடு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நைனாவோ என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் அவனிடமே விடுவதில் பேர்போனவர். முன்னேயும் விட்டிருக்கிறார், 'அனுசரிச்சிப் போ மே' என்று சொல்லிவிட்டு, அவன் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறார். ஆக, எனக்கும் அந்த அம்மிக்குழவிக்கும் நடுவே இருந்தது விடுதியில் கிடைத்த அரைக் கட்டில் மட்டும்தான்.

அரைக் கட்டில் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு கட்டிலை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார்கள். நான் காலை ஷிஃப்டுக்குப் போயிருக்கும்போது ஊத்துக்கோட்டைப் பெண் ஒருத்தி அதில் தூங்குவாள். நான் வந்து அவளை எழுப்புவேன். அவள் குளித்துச் சாப்பிட்டு ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்புவாள். மெத்தைச் சூடு ஆறவே ஆறாது. பூச்சிக்கு மூன்று வேளையும் பந்தி.

பூச்சி வந்தது நான் சேர்ந்த பிறகு. அது என் கெட்ட நேரம். ஒவ்வொரு அறையிலும் பெண்கள் சொறிந்துகொண்டு திரிந்தார்கள். கழுத்தெல்லாம் தடித்துத் தடித்து, இடுப்பெல்லாம் வரிவரியாக. கடைசியாக வந்தவள் யார் என்று எல்லோரும் யோசித்தார்கள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

ஊத்துக்கோட்டைக்காரிதான் ஆரம்பித்தாள். நான் ஷிஃப்ட் முடிந்து அறைக்குள் நுழையும்போது என் போர்வையை ஒரு குச்சியில் தூக்கி நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பாரு, இதுலதான் வந்துகினு இருக்குது. எந்த வருசம் தோச்சாளோ! நாங்க மனுசங்க இல்லியா, இன்னா? நைட்டெல்லாம் நின்னுகினு வேல செஞ்சிட்டு வந்து இதுல படுக்கணுமா?"

"போர்வைய கீழ வை" என்றேன்.

"உன் புருசன் உன்ன ஏன் தொரத்துனான்னு இப்பதான் தெரியுது."

அவன் துரத்தவில்லை, நான்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கன்னத்தில் ஒன்று விட்டேன். அவள் என் முடியைப் பிடித்து இழுத்துக் கட்டில் கம்பியில் மோதினாள். நான் அவள் கையைக் கடித்தேன். அறையே சேர்ந்து எங்களைப் பிரித்தது, பிரிக்கிற சாக்கில் நாலு பேர் என்னைக் குத்தவும் செய்தார்கள். பிறகு என் போர்வை, பை, பைக்குள் இருந்த துணி எல்லாவற்றையும் பின்கட்டுக்கு இழுத்துப் போய் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். உதட்டில் ரத்தத்தோடு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். போட்டிருந்த கம்பெனி யூனிபாரம் தவிர எனக்கென்று எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் வார்டன் கூப்பிட்டார். நெல்லூர்ப் பக்கத்து அம்மா, எங்களோடு பழகித் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"கம்பெனிலேந்து கேட்டுட்டாங்கம்மா. ஹாஸ்டல்ல நல்லுலு இருந்தா எனக்குக் கான்ட்ராக்ட் போயிடும்" என்றார். மூட்டைப்பூச்சிக்குத் தெலுங்கில் நல்லுலு. "அடுத்த சனிக்கிழம சாயந்தரம் காலி பண்ணிடு. சேரும்போது நீ குடுத்த நம்பருக்குப் போன் போட்டேன். உங்க நைனா உன் வீட்டுக்காரர் நம்பரக் குடுத்தாரு. அவரே வந்து கூட்டிக்கினு போறேன்னாரு. நல்லா மரியாதையா பேசறாரும்மா."

மரியாதையாகப் பேசுவான்தான். மூன்றாம் மனுஷரிடம் அவன் வாயில் தேன் ஒழுகும்.

அன்றைக்கே நான் கட்டிலோடு சண்டைக்கு இறங்கினேன். என் கட்டிலில் ஒரு பூச்சி இல்லை என்று காட்டிவிட்டால் யார் என்னை வெளியே அனுப்புவது? இரும்புக் கட்டிலை முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். மெஸ்ஸில் அண்டா நிறைய வெந்நீர் வாங்கி மூட்டு மூட்டாக ஊற்றினேன். கம்பி இடுக்கிலிருந்து தாய், குஞ்சு, முட்டை என்று குடும்பத்தோடு வெந்து வழிந்தன. அப்புறம் குச்சியில் துணி சுற்றிப் பெட்ரோலில் நனைத்துக் கொளுத்தி, திருகாணி ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சுட்டேன். படபடவென்று பொரிந்தன. 'சாவு, சாவு' என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை, அந்தப் பக்கம் துணி காயப்போட வந்தவர்கள் சொன்னார்கள். மெத்தையைக் கழித்துவிட்டுப் பலகையை மட்டும் போட்டு, கட்டிலின் நாலு காலையும் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். இனி எதுவும் ஏற முடியாது. ஊத்துக்கோட்டைக்காரி என் கட்டிலே வேண்டாம் என்று வேறு அறையில் தரையில் படுத்துக்கொண்டாள்.

வாரலீவு அன்று நாள் முழுக்க அந்த வெறும் பலகையில் கிடந்தேன். உடம்பில் ஒரு கடி இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் வேலைக்குப் போய்வந்து குளிக்கும்போது பார்த்தால் இடுப்பில் புதிதாக ஒரு வரிசை. பின்கழுத்தில் இன்னொன்று.

எனக்கு வந்த ஆத்திரத்தில் குளியலறைக் கதவை உதைத்தேன். பிறகுதான் புத்தி வேலை செய்தது. கட்டிலில் பூச்சி இருந்தால் லீவு நாளில்தானே நன்றாகக் கடித்திருக்க வேண்டும்? லீவு நாளில் நான் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். பஸ் ஏறவில்லை.

அடுத்த நாள் பஸ்ஸில் நான் தூங்கவில்லை. காளஹஸ்தி தாண்டியதும் எல்லோரும் வாயைத் திறந்து தூங்கிவிட்டார்கள். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, முன்சீட்டின் ரெக்சின் தையலுக்குள் விட்டு இழுத்தேன். மிளகுத்தூள் கொட்டினது போலக் கறுப்புப் புள்ளிகள். இன்னும் ஆழமாக விட்டேன். பின்னின் நுனியில் ஒன்று உருண்டு வெளியே வந்தது, குடித்துக் குடித்து உப்பினது. அதை நசுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நாளும் நாங்கள் விடுதியில் கொன்றதெல்லாம் இங்கிருந்து இறங்கி வந்த கூட்டம். எத்தனை கொன்றாலும் தினமும் இரண்டு வேளை நாங்களே போய் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

வார்டனிடம் சொன்னேன். "இப்ப பஸ் மேல போட்டுத் தப்பிச்சிக்கப் பாக்கறியா?" என்றார். பஸ் டிரைவர் அண்ணாவிடம் சொன்னேன். "நா பண்டியில நல்லுலா? என் வண்டியிலயா? தினமும் சாம்பிராணி போடறேன்மா நானு" என்று சாமி படத்தைத் தொட்டுக் காட்டினார். யாரும் கேட்பதாக இல்லை.

சனிக்கிழமை வந்தது. என்னை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மத்தியானம் மெஸ்ஸில் பூசணிக்காய் பிளக்கிற கத்தி கேட்பாரற்றுக் கிடந்தது. அதை எடுத்து அங்கே கிடந்த துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். தார் கொதித்தது. காலை ஷிஃப்ட் பஸ் வந்து நின்றதும், இறங்குகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நான் ஏறினேன்.

"ஏமைந்தம்மா, என்னாச்சு?" என்று டிரைவர் திரும்புவதற்குள் முதல் சீட்டின் முதுகில் கத்தியை மேலிருந்து கீழாக இறக்கினேன். ரெக்சின் சரக்கென்று பிளந்தது. கையை உள்ளே விட்டு ஸ்பாஞ்சைப் பிய்த்தேன். வரவில்லை. காலை சீட்டில் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தேன். முழுதாகப் பெயர்ந்து என் மேலேயே விழுந்தது. அதைத் தூக்கி ஜன்னல் வழியாகத் தார் ரோட்டில் எறிந்தேன்.

"யார் கொண்டாந்த பூச்சின்னு பாருங்கடி!"

வெயில் பட்டதும் ஸ்பாஞ்சின் ஒவ்வொரு துளையிலிருந்தும் அவை கிளம்பின. நூறா, ஆயிரமா, யார் எண்ணினார்கள்? தார்ச் சூட்டில் கால் பாவாமல் நாலாபக்கமும் ஓடின. என் போர்வையைக் கொளுத்தப் பெட்ரோல் வாங்கி வந்தவளும், என்னைக் குத்தினவளும், சத்தம் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த ஊத்துக்கோட்டைக்காரியும் அங்கேதான் இருந்தார்கள்.

அவள்தான் முதலில் செருப்பைக் கழற்றினாள். ரோட்டில் மண்டியிட்டு அடித்தாள் பாருங்கள் ஓர் அடி, எனக்கே பயமாக இருந்தது. பிறகு எல்லோருக்கும் வெறி பிடித்துவிட்டது. பஸ்ஸுக்குள் ஏறினார்கள். கத்தி, பிளேடு, கத்தரிக்கோல், நகம், பல். சீட்டுகளைக் குத்திக் கிழித்து வெளியே எறிந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே கிழித்தாள். நின்று நின்று கால் வீங்கின ஆத்திரம், கம்பெனி லைனில் திட்டு வாங்கின ஆத்திரம், எல்லாம் அந்த ரெக்சின் மேல் இறங்கியது. ரோட்டில் குவிந்த சீட்டுகள் மேல் யாரோ பெட்ரோல் ஊற்றினார்கள். தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது. கறுத்த புகைக்கு உள்ளே பூச்சிகள் பொரிகிற சத்தம் கேட்டது.

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டார். போனிலிருந்து வந்த வசவு ரோடு முழுக்கக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தவர் என்ன நினைத்தாரோ, போனைப் பையில் போட்டுவிட்டுச் சட்டையைத் தூக்கி முதுகை எங்களுக்குக் காட்டினார். இடுப்பிலிருந்து தோள் வரை தடிப்பு. "வேர்க்குருன்னு பவுடர் போட்டுக்கினு இருந்தேன்மா" என்றார். அந்த ரகளையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வார்டன் வெளியே வந்து, ஸ்பாஞ்சைக் குனிந்து பார்த்தார். பூச்சி ஹாஸ்டலுடையது இல்லை, பஸ்ஸுடையது என்பது புரிந்ததும் அவர் முகத்தில் பல நாளுக்கு அப்புறம் ரத்தம் ஓடியது. கம்பெனிக்கு அனுப்பப் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் தீக்கு அந்தப் பக்கம் ஆட்டோ வந்து நின்றது.

வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, கையில் ஒரு முழம் மல்லிகை. மாமியார் வீட்டு விருந்துக்கு வந்தவன் போல இறங்கினான். தீயைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து மெதுவாகப் பேசினான்.

"இன்னா மே இது, கத்தியெல்லாம்? வா, ஊருக்குப் போலாம். எல்லாம் மறந்துட்டேன் நானு."

சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தான். பார்க்கிறவர்களுக்கு அன்பாகப் பிடித்தது போலத்தான் இருந்திருக்கும். எலும்பு நொறுங்குகிற பிடி அது, எனக்குத் தெரியும். கத்தி என் கையில்தான் இருந்தது. அப்படியும் அத்தனை சீட்டுகளைப் பிளந்த கை அவன் தொட்டதும் துணியாகத் துவண்டுவிட்டது. அந்தக் கணம் நான் அவனோடு போயிருப்பேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கேவலமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

வார்டன் போனை இறக்கினார்.

"எவரு நுவ்வு?" என்றார். யார் நீ என்று.

"மேடம், நீங்கதான மேடம் போன் பண்ணீங்க? இவ வீட்டுக்காரன் நானு."

"நானா? நான் யாருக்கும் போன் பண்ணல." பயந்த அந்த அம்மா கண்ணை இமைக்காமல் சொன்னார். "இது லேடீஸ் ஹாஸ்டல். இந்தப் பொண்ணு எங்க பொண்ணு, திங்கக்கிழம ஷிஃப்டுக்குப் போவணும். கைய எடு."

அவன் சிரிக்கப் பார்த்தான். எனக்குப் பின்னால் யாரோ நகர்கிற சத்தம் கேட்டது. ஊத்துக்கோட்டைக்காரி வந்து என் தோளோடு தோளாக நின்றாள், செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், புகையடித்த முகங்களோடு, கையில் கிடைத்ததோடு.

"மேடம் சொல்றாங்க இல்ல?" என்றாள் அவள். "கைய எடு."

எடுத்தான். என் மேல் வைத்த கையை யாரோ சொல்லி அவன் எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.