மிலானிலும் குரோருட்டிலும் ஒரு பாட்டு

இத்தாலி ஒரே நாடாவதற்கு முந்தைய காலத்தைப் பற்றிச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். 1861க்கு முன் அது பல துண்டுகளாகக் கிடந்தது. மிலான் ஆஸ்திரியர் ஆட்சியில் இருந்தது. நாட்டைப் பற்றி நேராக எழுதினால் தணிக்கை அதிகாரி விடமாட்டார். ஆகவே கலைஞர்கள் கதையைப் பழங்காலத்துக்கோ வேறு தேசத்துக்கோ நகர்த்திவிட்டுத் தங்கள் ஊரைப் பற்றிப் பேசினார்கள். அப்படி வந்த இசைநாடகம் ஒன்றில், அந்நிய மண்ணில் சிறைப்பட்டவர்கள் ஊரை நினைத்துக் கூட்டமாகப் பாடும் பாட்டு உண்டு. முதல் நாளே மிலான் மக்கள் அதை மறுபடி பாடச் சொல்லி ஆர்ப்பரித்தார்கள் என்கின்றன பழைய புத்தகங்கள். அன்றைய பத்திரிகைகளைப் புரட்டியவர்களோ, மக்கள் மறுபடி கேட்டது வேறு பாட்டை என்கிறார்கள். உண்மையில் எது நடந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

போன நவம்பரில் அதே பாட்டு எங்கள் சமையலறைக்குள் வந்தது. என் மனைவி சேர்ந்திருந்த, ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதிப் பாடகர் குழு அதைக் கச்சேரிக்கு எடுத்திருந்தது; அவள் சமைத்தபடியே பாடிப் பழகினாள். குழுவில் அவள் ஒருத்திதான் தமிழ். தன் ஆட்கள் வந்து கேட்க வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. அவளுடைய அண்ணன் பிடிகொடுக்கவில்லை.

“விளங்காத பாசையிலை அழுகிறதைக் கேக்க நாங்கள் ஏன் வரவேணும்?”

“நீங்கள் விளங்கியே தேவாரம் பாடுறனீங்கள், அண்ணா?”

“அதுக்கு முடிவிலை சக்கரைப் புக்கை கிடைக்கும். உங்கடை ஆக்கள் என்ன தருவினம்?”

“கோப்பியும் வாஃபிளும்.”

“அப்ப வாறன்.”

கச்சேரியன்று, பக்கத்துப் பகுதியான குரோருட்டின் மண்டபத்தில் எங்கள் ஆட்கள் ஒரு வரிசை முழுக்க இருந்தோம். அந்தப் பாட்டு மிக மெல்லத் தொடங்கியது. உடனே மைத்துனர் எழுந்து, கைகளை முன்னால் கோத்து, தலை குனிந்து நின்றார். அவரைப் பார்த்து எங்கள் வரிசையே எழுந்தது. ஒஸ்லோவில் எங்கள் நிகழ்வு எதுவும், ஊரில் போரில் இறந்தவர்களுக்காக எழுந்து நின்று அமைதி காக்காமல் தொடங்குவதில்லை. அப்போது இப்படித்தான் மெல்லிய இசை போகும். பின்னால் இருந்த நோர்வேஜியர் சிலரும் குழம்பிப்போய் எழுந்தார்கள். மேடையில் மனைவி எங்கள் வரிசையையே பார்த்தாள். பிறகு பாடினாள், அவ்வளவு உரக்க அவள் பாடி நான் கேட்டதில்லை.

கோப்பி குடிக்கும்போது மைத்துனரிடம் கேட்டேன். “பாட்டு பிடிச்சுதோ?”

“பாட்டோ? மெல்லமாத் தொடங்கிச்சுது மச்சான், கால் தானா எழும்பிட்டுது. பேந்து பார்த்தா எல்லாரும் நிக்கிறியள். இருக்க ஏலாமல் போச்சு. தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதையும்.”

அடுத்த கிழமை தமிழ்க் கடையில் ஒருவர், முழு மண்டபமும் எழுந்து நின்று அழுததாம் என்று என்னிடமே சொன்னார். அவர் அன்று வந்திருக்கவில்லை.

அன்று மாலை மனைவி கேட்டாள். “இஞ்சேருங்கோ, உண்மையாச் சொல்லுங்கோ. அண்ணா ஏன் எழும்பினவர்?”

எனக்குப் பொய் வரவில்லை. பழக்கத்தில் எழுந்துவிட்டாராம் என்றேன். கழுவிய கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அப்ப ஏன் பேந்து கண்ணைத் துடைச்சவர்? நான் மேடையிலை நிண்டு பார்த்தனான்.”

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அதைக் காணவில்லை. பின்வரிசையில் யார் யார் எழுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மிலானில் பத்திரிகைக்கு எழுதியவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாரோ.