மதாமின் சேவலுக்கு நான் நின்ற ஜாமீன்

மதாமின் தலையில் எப்போதும் ஒரு கட்டம் போட்ட துணி இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டங்கள், நடுவில் மெல்லிய பச்சைக் கோடு. நியூ ஜெர்சியில் சோப்பும் சென்ட்டும் பெட்டியில் அடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், லைனில் எனக்கு எதிரே நின்றவரின் தலையில் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரைக்கால் பக்கத்தில் எங்கள் அப்பா வயலுக்குக் கட்டிக்கொண்டு போன லுங்கி அச்சு அசலாக அதேதான். அதைப் போய் இந்த அம்மாள் மகுடம் மாதிரி தலையில் கட்டியிருக்கிறாரே என்று நினைத்தேன். தலைமுடிக்கு நெட் போடு என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டால், துணியை அவிழ்க்க மாட்டார். அதன் மேலேயே நெட்டை மாட்டிக்கொள்வார்.

முகமும் நம்மூர் முகம்தான். சந்தையில் கீரைக்கட்டு விற்கிற அக்கா மாதிரி இருப்பார். அதனால் நான் யோசிக்காமல், "நீங்க எந்த ஊருங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, "குவாதலூப்" என்றார். அப்படி ஒரு ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பிறகு அவர்தான் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு வண்ணத்துப்பூச்சி வரைந்து காட்டினார். கரீபியன் கடலில் இருக்கிற தீவு, இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில்தான் இருக்கிறது. ஒரு சிறகு முழுக்க மலையும் காடும் மழையும். அந்த மலையின் உச்சியில் கந்தகம் புகைகிற எரிமலை. மற்றச் சிறகு தட்டையான நிலம், கண்ணுக்கு எட்டிய வரைக்கும் கரும்பு. மதாமின் கொள்ளுத் தாத்தாவைக் கரும்பு வெட்டத்தான் கப்பலில் கூட்டிப் போனார்களாம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளை விடுதலை செய்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லை. அதனால் நம் பக்கத்து ஏழைகளை ஒப்பந்தம் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். ஏறிய துறைமுகம் காரைக்கால் என்று அவர் சொன்னபோது, கையில் இருந்த சோப்பு டப்பாவை நான் தவறவிட்டுவிட்டேன்.

எங்கள் காரைக்காலும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர்தான். அங்கே மரியாதையான அம்மாக்களை மதாம் என்று கூப்பிடுவது வழக்கம். அதனால் அவரை நான் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கும் அது பிடித்துப் போனது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவருடைய பாஷை தெரியாது. இருவருக்கும் இருந்தது அரைகுறை இங்கிலீஷ். அந்த அரைகுறையை வைத்துக்கொண்டே நாங்கள் பேசாத பேச்சு இல்லை. நான் பத்தாவதோடு நின்றவள், அவர் பள்ளிக்கூடத்தில் அதைவிடக் குறைவாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். அதனால் தப்பாகப் பேசினால் ஒருவரை ஒருவர் திருத்த ஆள் இல்லை. இங்கே அவர் பேசியதை நான் என் பேச்சிலேயே எழுதுகிறேன்.

தலைத்துணியில் எத்தனை முனை நிமிர்ந்து நிற்கிறது என்பதில் அவர்கள் ஊரில் ஒரு சேதி உண்டாம். ஒரு முனை என்றால் மனசு காலி. இரண்டு என்றால் ஒருத்தனுக்குக் கொடுத்தாகிவிட்டது. மூன்று என்றால் கல்யாணம் ஆனவள். "நாலு முனை வெச்சா?" என்று கேட்டேன். "கல்யாணம் ஆனவதான், ஆனா கேட்டுப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு லைனே அதிரும்படி சிரித்தார். அவர் வைப்பது எப்போதும் ஒரு முனைதான். புருஷன் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. "இந்த வயசுல எவன் வந்து முனையை எண்ணப் போறான்" என்பார்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தால் மஞ்சளும் மல்லியும் சீரகமும் மணக்கும். அவர்கள் ஊர்க் கோழிக் குழம்பு அது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். கழுத்தில் சிலுவை. அதே கழுத்தில் மஞ்சள் கயிற்றில் ஒரு சின்னத் தாயத்து. அது மாரியம்மனுடையது. மலியெமேன் என்று சொல்வார். எரிமலையின் அடிவாரத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே அவர்களுக்குக் கோயில் இருக்கிறது. அங்கே தப்பு அடிக்கிறார்கள், தீச்சட்டி எடுக்கிறார்கள், மதுரை வீரனுக்குப் படைக்கிறார்கள். ஒருமுறை அந்த மலை குமுறிச் சாம்பலைக் கொட்டியபோது சர்க்கார் அடிவாரத்து ஜனங்களையெல்லாம் காலி பண்ணச் சொன்னதாம். பூசாரியாக இருந்த மதாமின் அப்பா, விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் வருவேன் என்று திரும்பி ஓடினாராம். இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். அச்சகத்தில் மிஷின் பார்க்கிறவர் அவர். "எந்தக் கடல்ல கொண்டுபோய் இறக்குனாலும் நம்மாளு முதல்ல ஒரு கல்லை நட்டு மஞ்சளைப் பூசிடுவான்" என்பார்.

மதாமுக்கு ஒரே மகள், அவளும் இங்கேயேதான் இருந்தாள். அவளுக்கு இரண்டு முறை பிள்ளை தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தடவை வயிற்றில் வந்தபோது மதாம் மாரியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் ஊருக்குப் போய்ச் செலுத்துவதாக வேண்டுதல். பிள்ளையும் பிறந்தது, பெண் குழந்தை, நல்ல எடை. ஆனால் மதாமால் ஊருக்குப் போக முடியவில்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான அவருடைய பேப்பர் வக்கீலிடம் கிடந்தது. அது முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பிறகு போகலாம் என்று தள்ளிப் போட்டார். அதற்குள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளை பெற்ற உடம்பு, மருந்து கொடுக்கக் கொடுக்க இறங்குவதும் ஏறுவதுமாக, ஆஸ்பத்திரியில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

"காய்ச்சல் யாரோடதுன்னு எனக்குத் தெரியும். கேட்டேன், குடுத்தா. நான் குடுக்கல" என்றார் மதாம். அன்று அவர் அடுக்கிய பெட்டிகள் எல்லாம் கோணலாகப் போயின. எங்கள் வீட்டிலும் குலதெய்வம் மாரியம்மன்தான். ஆகவே, "ஆடி மாசம்தான் மதாம், ஞாயித்துக்கிழமை எங்க கோயிலுக்கு வாங்க. அங்க அம்மன் இருக்கா, அங்கேயே செலுத்திடலாம்" என்று சொன்னேன். நான் நினைத்தது அர்ச்சனையும் தேங்காயும்தான். அவர் நினைத்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் வீட்டுக்காரரும் எங்கள் சின்ன மகனோடு போய் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினோம். குளித்து, வெள்ளைப் புடவை மாதிரி ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். மூன்று நாளாகக் கவுச்சி தொடவில்லை என்றார். பெட்டியை டிக்கியில் வைத்தோம். பார்க்வேயில் டோல் கட்ட நின்றபோது டிக்கிக்குள்ளிருந்து "கொக்கரக்கோ" என்று ஒரு கூவல். டோல் வாங்குகிறவன் எட்டிப் பார்த்து "குட் மார்னிங்" என்றான். என் வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"தெரியலீங்க."

"டிக்கியில சேவல் கூவுது, தெரியலீங்கறே?"

பின்சீட்டில் மதாம் பெருமையாக, "நல்ல சேவல். நானே பொறுக்கினது" என்றார். நெவார்க்கில் உயிர்க் கோழி விற்கிற கடை இருக்கிறது, அங்கே வாங்கியிருக்கிறார்.

பழைய கிடங்கு ஒன்றை வாங்கிக் கோயிலாக்கியிருந்தார்கள். எங்கள் கார் நிற்பதற்குள் சேவல் இன்னொரு முறை கூவிவிட்டது. கமிட்டி அங்கிள் ஓடி வந்தார். "ஆண்ட்டி, என்ன இது? பேன்ட்ரியில பொங்கல் ரெடி ஆயிட்டிருக்கு, நீங்க சிக்கன் கொண்டு வந்திருக்கீங்க! ஹெல்த் டிபார்ட்மெண்ட் வந்தா கோயிலையே க்ளோஸ் பண்ணிடுவான்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பின்னாலேயே குருக்கள் வந்தார். பெட்டியைப் பார்த்தார், மதாமின் கழுத்துத் தாயத்தைப் பார்த்தார். "அம்மா, உள்ளே மட்டும் வேண்டாம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் சொன்னது மதாமுக்குப் புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும், "இங்க அம்மன் இருக்கா. அம்மனோட சாப்பாடு இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு கத்தி கேட்டார். நான் மாட்டேன் என்றேன். அந்த மண்ணில் அதற்கு வழி இல்லை, என் வீட்டுக்காரருக்கும் கை வராது. மதாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். "அப்ப என் பொண்ணு?" என்றார்.

அப்போது என் வாயில் அந்த வார்த்தை வந்தது. "எங்க ஊர்ல சேவலை அறுக்காம உயிரோட கோயிலுக்கு விட்டுடறதும் உண்டு மதாம். அம்மன் அதையும் வாங்கிக்குவா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"எங்க ஊர்ல அப்படி இல்ல. அவ வாங்கலேன்னா?"

ஊரில் அப்படி விடுவது உண்டு, அது பொய் இல்லை. ஆனால் இந்த வேண்டுதலை, இந்த அம்மாளுக்காக, அம்மன் அப்படி வாங்கிக்கொள்வாள் என்று சொல்ல நான் யார்? ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கிடக்கிறாள். அவள் பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. என் மகன் காருக்குப் பக்கத்தில் நின்று பெட்டி ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்: "கொறைன்னு கேள்வி வந்தா, அவ என்னைக் கேக்கட்டும் மதாம். நான் ஜாமீன்." என் வீட்டுக்காரர் "ஏய்" என்றார்.

பார்க்கிங் ஓரத்தில் ஒரு மேப்பிள் மரம். அதன் அடியில் கல் ஒன்றை நிறுத்தி, கழுவி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தோம். மதாம் ஒரு கவரைத் திறந்தார். உள்ளே காய்ந்த வேப்பிலை. கப்பலில் போனவர்கள் வேம்பையும் கொண்டுபோய் அந்தத் தீவில் வளர்த்திருக்கிறார்கள், அதைத்தான் அவர் தங்கை தபாலில் அனுப்பியிருந்தாள். அவர் பாடத் தொடங்கினார். தமிழ்தான், ஆனால் நாலு தலைமுறை வாயில் உருண்டு தேய்ந்த தமிழ். "தாயே" மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பாடிக்கொண்டே சேவலின் தலையில் தண்ணீர் தெளித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரிலும் இதேதான். தண்ணீர் தெளித்தால் சேவல் தலையைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் சம்மதித்தாள் என்று அர்த்தம். இதை அவருக்கு நான் சொல்லவே இல்லை.

சேவல் சிலுப்பவில்லை. தெளித்தார், பாடினார், மறுபடி தெளித்தார். அது கழுத்தை நீட்டிக்கொண்டு கார்களை வேடிக்கை பார்த்தது. "அமெரிக்கச் சேவல், அதுக்குத் தமிழ் தெரியாது" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை, அவர் உட்பட. மதாமின் குரல் உடைந்தது. நானும் மண்டி போட்டு, தெரிந்த வேண்டுதலையெல்லாம் சொன்னேன். கடைசியாக அவர் சொம்பை அப்படியே சேவலின் தலையில் கவிழ்த்துவிட்டார். சேவல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு கொண்டையிலிருந்து வால்வரைக்கும் உதறி எங்கள் மூவரையும் நனைத்தது.

பின்னால் ஒரு குரல், "சிலுப்பித்தா?" என்று கேட்டது. குருக்கள். கையில் தீர்த்தமும், அம்மன் பாதத்துக் குங்குமப் பொட்டலமும். "பொண்ணு நெத்தியில இட்டுவிடச் சொல்லுங்கோ" என்று கொடுத்துவிட்டு, சேவலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஊருக்குத் தெற்கே பண்ணையில் கோழி வளர்த்தார். அம்மன் சேவல், அறுக்கவோ விற்கவோ கூடாது என்று சொல்லி அவரிடம் விட்டோம்.

அடுத்த வாரம் முழுக்க நான் லைனில் மதாமின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் காய்ச்சல் விட்டது, திரும்ப வரவில்லை. "டாக்டர் மருந்தை மாத்தினாரும்மா" என்றார் என் வீட்டுக்காரர். மாற்ற வைத்தவள் யார் என்று நான் கேட்டேன். மதாம் அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் ஜாமீன் என்று சொன்ன வார்த்தை என்னை விடவில்லை. மகனுக்கு இருமல் வந்தால்கூட, கேள்வி என்னிடம் வந்துவிட்டதோ என்று பயப்படுவேன். விளக்கேற்றும்போதெல்லாம், குறை இருந்தால் பொறுத்துக்கொள் தாயே என்றுதான் ஆரம்பிப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மதாமிடமும்தான்.

சில வருடங்கள் கழித்து அவருக்குப் பேப்பர் வந்தது. மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு முதல் விமானத்திலேயே தீவுக்குப் போனார். அங்கிருந்து போன் வந்தது. பின்னால் தப்புச் சத்தம், தவளைச் சத்தம், மழை. எரிமலை அடிவாரத்துக் கோயிலில் ஆடு வெட்டி முறைப்படி செலுத்திவிட்டதாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "அப்ப அந்தச் சேவல் போதலையா மதாம்?" என்று கேட்டேன்.

"போதும், போதும். அது என் கடன், அன்னிக்கே தீந்துடுச்சு" என்றார். "இது உனக்காக. நீ என் பொண்ணுக்காக அம்மன்கிட்ட மாட்டிக்கிட்டு நிக்கறே. உன் முகத்துல தெரியுமே, தினமும் எதிர்ல நின்னு பாத்தவ நான். அந்த ஜாமீன்லேருந்து உன்னை எறக்கிவிடத்தான் இது. இனிமே அவ உன்னைக் கேக்க மாட்டா."

இப்போது மதாமுக்கு வயதாகிவிட்டது. அந்தத் தீவிலேயே தங்கிவிட்டார், வருடத்துக்கு ஒருமுறை பேசுகிறோம். நான் விளக்கேற்றும்போது இப்போதெல்லாம் மன்னிப்பில் ஆரம்பிப்பதில்லை. அன்று போனை வைப்பதற்கு முன் அவர் இன்னொன்றும் சொன்னார். யார் பெயருக்கு இந்தப் பூசை, உனக்கு அவள் என்ன உறவு என்று பூசாரி கேட்டாராம். மதாம் சொன்னாராம்: "கப்பல் ஏறாம கரையில நின்னுட்ட தங்கச்சி."