காலடியில் எரியும் மெழுகுதிரி

சேவியர் அண்ணை போய்விட்டார். காலையில் ஹனோவரிலிருந்து அவருடைய மகள் ஃபோனில் சொன்னாள்... இதை ஒழுங்காக எழுதுவேனோ தெரியவில்லை.

எண்பதுகளில் ஜெர்மனிக்கு வந்த புதிதில் இருவரும் ஒரே அகதி ஹைமில், அதாவது விடுதியில், இருந்தோம். பிறகு அவரை ஹனோவருக்கு மாற்றினார்கள். நான் ஸ்டுட்கார்ட்.

என் கலியாண அழைப்பிதழைத் தமிழில் அடிக்க ஆசை. பழைய கொம்பியூட்டர் ஒன்றில் எழுத்துகளை நானே புள்ளி புள்ளியாகச் செய்தேன். உச்சியில் வைக்க ஒரு மெழுகுதிரிப் படமும்.

ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழாக எட்டு வரி, எந்தெந்தப் புள்ளி கறுப்பு என்று சொல்ல வரிக்கு ஓர் எண். ஒன்பதாவதாக அந்த எட்டின் கூட்டுத்தொகை... பிழை பிடிக்க.

என்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. அதனால் எல்லா எண்களையும் கடதாசியில் அடித்து அண்ணைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன்.

ஞாயிறு பூசையில் அழைப்பிதழ் கொடுக்கவேண்டும். வெள்ளி மாலை டிஸ்க் செத்துப்போனது!

சனி காலை அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். செபமாலை சொல்லும் ராகத்தில் எண்களை வாசித்தார்.

“அண்ணை, கூட்டுத்தொகை பதினெட்டு இடிக்குது.”

“தம்பி, உம்மடை கணக்கிலைதான் பிழை.”

“ஒன்பதாலை பிரியுது அண்ணை. அப்பிடியெண்டால் எங்கையோ ஒரு எண்ணிலை ரெண்டு இலக்கத்தையும் இடம் மாத்திச் சொல்லிப்போட்டியள். நாப்பத்திரண்டோ, இருபத்திநாலோ?”

“...ஓம், இருபத்திநாலு. இந்த ஜெர்மன்காரர் நாலும் இருபதும் எண்டு சொல்லிச் சொல்லி என்ரை வாயைக் கெடுத்துப்போட்டாங்கள்!”

மத்தியானத்துக்குள் எல்லாக் கூட்டுத்தொகையும் சரி. கடைசியாக வாசித்த மெழுகுதிரியும் சரி. பிறகென்ன... நிம்மதியாக அடித்து முடித்தேன்.

பூசை முடிய, எனக்கு நிச்சயித்த பெண்தான் கண்டுபிடித்தாள். “இதென்ன, சுடர் காலடியிலை எரியுது?”

ஃபோன் எடுத்து அண்ணையைக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“முதல் வரி என்ரை பெருவிரலுக்குக் கீழை கிடந்தது தம்பி. கடைசியாச் சேத்துச் சொன்னனான். கூட்டினால் சரிதானே?”

சரிதான். எது முதல், எது கடைசி என்று கூட்டுத்தொகைக்கு எப்படித் தெரியும்?

அகதிகள் ஊர் விட்டு ஊர் போக அப்போது அனுமதி வேண்டும்; கலியாணத்துக்கு வர அவருக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கலியாண நாளிலும் ஃபோன் வரும். ஹலோகூட இல்லை.

“தம்பி, சுடர் மேலை ஏறிட்டுதோ?”

குசினியில் சமைத்துக்கொண்டே மனைவி கத்துவாள். “இல்லை அண்ணை, இன்னும் கீழைதான்!”

அழைப்பிதழ் எங்கள் வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. இப்போதும் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கீழைதான் அண்ணை. போயிட்டு வாங்கோ.