அப்பாவின் காதுக்கு ஏற்ற ஆம்ப்

எங்கள் வீட்டில் காலிங் பெல் கிடையாது. இருந்ததைக் கழற்றிவிட்டு, வாசலில் பொத்தானை அழுத்தினால் கூடத்தில் ஒரு பச்சை பல்பு எரிகிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன். குக்கருக்கு விசில் போடுவதில்லை, சாதத்தை வடித்துவிடுகிறேன். மிக்சியை பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு அரைக்கிறேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் எப்போதும் ஒரு பழைய துண்டு விரித்திருக்கும். எல்லாம் அப்பாவின் காதுக்காக.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவருக்குக் காது கேட்காது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மெதுவாகப் பேசினால் கேட்காது. கொஞ்சம் உயர்த்தினால் வலிக்கும். காது மிஷின் மாட்டிக்கொண்ட பிறகும் அப்படித்தான். "கேக்காததுக்கும் வலிக்கிறதுக்கும் நடுவுல இவருக்கு எடம் ரொம்பக் கம்மி" என்று காது டாக்டர் இரண்டு விரல்களை ஒட்டினாற்போலப் பிடித்துக் காட்டினார். அந்த இடத்துக்குள்தான் ஐந்து வருடமாகப் பேசுகிறேன், சமைக்கிறேன், அலமாரியைத் திறந்து மூடுகிறேன்.

அம்மா இல்லை. நான் ஒரே பெண். கல்யாணம் என்று ஒன்று நடந்து, முடிந்து, மயிலாப்பூரில் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கே திரும்பி வந்தேன். பெருங்குடியில் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் கையேடுகள் எழுதிக் கொடுக்கிறேன். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டேன். அவர் விழுந்த அன்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் கிடார் வாசித்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் ஈரத் தரையில் கிடந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதன் பிறகு நான் ஹெட்ஃபோனைத் தொடவில்லை.

கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி, ஆம்ப், இருந்தது. கல்லூரி நாட்களில் அடையாறில் ஒரு மொட்டைமாடி அறையில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது வாங்கிய பழைய வால்வு ஆம்ப். சூடாக ஒரு நிமிடம் பிடிக்கும். பிறகு கம்பியைத் தொட்டால், எலுமிச்சம்பழத்தில் கத்தி இறங்கினாற்போல ஒரு கூர்மை வரும். அந்தக் கூர்மைக்காகத்தான் அதை வாங்கினேன். அதுதான் அப்பாவுக்கு ஆகவில்லை. வால்யூமை ஒன்றில் வைத்து, அறைக் கதவைச் சாத்தி, கதவிடுக்கில் போர்வையைத் திணித்து வாசித்தாலும் கூடத்திலிருந்து குரல் வரும்: "அம்மா, ஊசி குத்தறதுடி."

நிறுத்திவிடுவேன். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. கிடாரை ஆம்பில் சொருகாமல் வெறும் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அது வாசிப்பதில்லை, விரல் மறக்காமல் பார்த்துக்கொள்வது. ஒரு நாள், ஆம்பின் குரலையே மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றியது.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஆம்ப் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். கீழ்வீட்டு மாமி ஒரு மணி நேரம் அப்பாவைப் பார்த்துக்கொண்டார். நான் ஆம்பை ஆட்டோ சீட்டில் உட்காரவைத்து, விழாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். கடை முழுக்க மசூதி ஒலிபெருக்கிகள், கல்யாண மண்டபத்து சவுண்ட் மிக்சர்கள், சர்ச்சிலிருந்து வந்த ஒரு கீபோர்டு. பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். ஆம்பின் பின்பலகையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நல்ல மால் மேடம் இது. இன்னா பிரச்சனை?"

"ட்ரெபிள், அந்தக் கூர்மை, குத்துது பாய்."

"கொறச்சிக்க வேண்டியதுதானே. அதுக்குத்தானே குமிழ் வெச்சிக்கிறான்."

"முழுசாக் கொறச்சும் குத்துது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்க வாசிக்கிறீங்க?"

சாதாரணமான கேள்விதான். என் வாயிலிருந்து "ஸ்டேஜ்ல" என்று வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். ஒன்பதுக்குப் பத்து அறையில், கதவிடுக்கில் போர்வை திணித்துக்கொண்டு, அப்பாவுக்குப் பயந்து வாசிக்கிறேன் என்று நாற்பத்து மூன்று வயதில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

"பெரிய ஹாலா?"

"ஐந்நூறு பேர் உட்காரலாம்."

"அப்ப ஓகே. கூர்மையக் கொஞ்சம் மழுக்கிட்டு, நடு சத்தத்த ஏத்திடறேன். பின்வரிசை வரைக்கும் போவும்."

பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாய் சொன்னதைச் செய்திருந்தார். நான் அறையில் வைத்து, வால்யூமை ஒன்றில் வைத்து, ஒரே ஒரு முறை எல்லாக் கம்பிகளையும் சேர்த்து மீட்டினேன். சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. கூடத்துக்கு ஓடினேன். அப்பா இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தார். டம்ளர் தரையில் உருண்டுகொண்டிருந்தது, வேட்டியில் காபி. கண்ணில் தண்ணீர். "ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீ வாசி" என்றார், கையை எடுக்காமலே. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் பாய்க்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். ஸ்டேஜ் எதுவும் இல்லை, வீடுதான், அப்பாவுக்கு இப்படி ஒரு காது. அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம். எங்கம்மாவுக்கும் கடைசி காலத்துல இப்டித்தான். பிளேட் வெச்சாக்கூட அலறுவாங்க." பிறகு சொன்னார்: "கடையில உக்காந்துகினு இத பண்ண முடியாது. சனிக்கெழம வூட்டுக்கு வரேன். அய்யா கூட இருக்கட்டும்."

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பச்சை பல்பு எரிந்தது. பாய் கூடத்து நடுவில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து, ஆம்பின் உள்பாகத்தை வெளியே எடுத்து வைத்தார். பொட்டு அளவிலும் பட்டாணி அளவிலும், சத்தத்தின் கூர்மையை வடிகட்டும் கண்டென்சர்கள் நிறைந்த ஒரு டப்பாவைப் பக்கத்தில் திறந்து வைத்தார். அப்பாவை எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"அய்யா, மேடம் வாசிப்பாங்க. குத்துச்சுன்னா கைய தூக்குங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

அப்பா பள்ளிக்கூடப் பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வாசித்தேன். கை உடனே மேலே போனது. பாய் ஸ்விட்சை அணைத்தார். அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும் என்பதால் அதை இறக்கிவிட்டு, ஒரு கண்டென்சரை எடுத்து, வேறொன்றைக் கிளிப்பால் மாட்டி, மறுபடி போட்டு, வால்வு சூடாகக் காத்திருந்தார். வாசித்தேன். கை மேலே போனது. மறுபடி அணைத்தார். இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்தாறு நிமிடம் ஆனது. ஒன்பதாவது முறையோ பத்தாவது முறையோ அப்பாவின் கை பாதி எழுந்து தயங்கியது.

"கிட்ட வந்துட்டோம்" என்றார் பாய்.

எனக்கு வேறொன்று தெரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் என் சத்தத்திலிருந்து எதையோ எடுக்கிறார்கள். முதலில் விரலிடுக்கில் பிடிக்கும் பிளெக்ட்ரம் வில்லை கம்பியில் உரசும் கீச்சு போனது. பிறகு ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவே இருக்கும் தெளிவு போனது. மதியம் ஒன்றரை மணிக்கு நான் வாசித்தபோது, பக்கத்து வீட்டில் யாரோ போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது. அப்பாவின் கை மடியிலேயே இருந்தது.

"இன்னொரு தரம் வாசி" என்றார். வாசித்தேன். "இதான். நன்னா இருக்கு. இப்போதான் நன்னா இருக்கு."

பாய் என்னைப் பார்த்தார். "மேடம்?"

இரண்டு பேரும் இரண்டரை மணி நேரமாக எனக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். "நல்லா இருக்கு பாய்" என்றேன்.

பாய் அதை அப்படியே சால்டர் வைத்து முடித்தார். கிளம்பும்போது, லிஃப்ட் வருவதற்குள் குரலைத் தணித்து, "உங்களுக்குப் பிடிக்கல, இல்ல?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். "எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம் மேடம். அது ஒண்ணும் கல்லுல செதுக்கல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அப்பா தன் நாற்காலியை என் அறை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "வாசியேன், கேக்கறேன்." வாசித்தேன். அதற்கு அடுத்த நாளும் வந்தார். ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. நாலே முக்காலுக்கே காபி குடித்து முடித்து, மிஷினுக்கு பாட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருப்பார். ஐந்து தாண்டி இரண்டு நிமிடம் ஆனால் "இன்னிக்கு இல்லையா?" என்று குரல் வரும். ஆபீஸ் மீட்டிங் நடுவே இருந்தாலும் வரும்.

முன்பெல்லாம் அவரால் தாங்க முடியாதது என்பதாலேயே கிடார் என்னுடையதாக இருந்தது. அந்த ஒரு அறைக்குள் மட்டும் அவர் வரமாட்டார். இப்போது அங்கேயும் வந்துவிட்டார், அதுவும் சந்தோஷமாக. ஒருவரின் சந்தோஷத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் ஐந்து மணிக்கு, எனக்குப் பிடிக்காத சத்தத்தில், நாற்பது நிமிடம் வாசித்தேன். நாலு மணியிலிருந்தே தோள்பட்டை இறுகத் தொடங்கும்.

நான்கு மாதம் ஆகியிருக்கும். ஒரு மாலை வாசித்து முடித்ததும் அப்பா சொன்னார்: "முன்னெல்லாம் நீ வாசிச்சது வெறும் இரைச்சல். இதான்டி சங்கீதம்."

"இது என் சத்தம் இல்லப்பா" என்றேன்.

"என்னது?"

நான் மெதுவாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உயர்த்திச் சொன்னேன். அவர் முகம் சுருங்கி, கை காதுக்குப் போனது. மூன்றாவது முறை, டாக்டர் காட்டிய அந்த இரண்டு விரல் இடத்தில் குரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அந்த வாக்கியத்தை ஒரு முறை சொல்லவே நான்கு மாதம் ஆகியிருந்தது.

அப்பா கையைக் காதிலிருந்து இறக்கினார்.

"அன்னிக்கு அந்த பாய் கேட்டாரே. ஏன் சொல்லலை?"

"நீங்க கையைத் தூக்கலை. அதான்."

"நான் மிஷினைக் கழட்டிட்டா எதுவும் குத்தாதே. அது நோக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"கேட்டிருக்கலாமே?"

"நீங்களா சொல்லுவேள்னு இருந்தேன்."

அப்பா காதருகே விரலை வைத்து மிஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கழட்டினா கிணத்துக்குள்ள உக்காந்துண்டிருக்கற மாதிரி இருக்கு. மேல என்ன நடக்கறதுன்னே தெரியலை. நீ விழுந்து கூப்பிட்டாக்கூட நேக்குக் கேக்காது. அதான் சொல்லலை."

அன்று இரவு சாப்பிடும்போது நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மோர் போதுமா என்று கேட்டேன், போதும் என்றார்.

பாய் மறுபடி வந்தார். பழைய பாகங்களைத் திரும்ப மாட்டி, பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் தள்ளினால் அப்பாவின் சத்தம், மறுபக்கம் என்னுடையது. செவ்வாயும் சனியும் எனக்கு அரை மணி நேரம் என்று அப்பாவே முடிவு செய்தார். முதல் செவ்வாய்க்கிழமை மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு வந்து, வாசலில் இல்லை, அறைக்குள்ளேயே கட்டிலில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பால்கனியில் உட்கார்ந்தால் தெரு தெரியுமே என்று சைகை காட்டினேன். தலையாட்டி மறுத்தார். "யாராவது கண்ணுக்குத் தெரியணும்" என்றார், தன் குரல் தனக்கே கேட்காததால் மிகவும் சத்தமாக.

வாசித்தேன். என் சத்தம் வந்தது. எவ்வளவோ நாள் கழித்து. ஆனால் விரல்கள் மழுங்கிய சத்தத்துக்குப் பழகிப்போய் எல்லாவற்றையும் தேவைக்கு மேல் அழுத்தின. நிமிர்ந்து பார்த்தபோது அப்பா கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலி இல்லை, அது வேறு முகம். ஆட்டோ வேகமாகத் திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொள்பவர்களுக்கு இருக்குமே, அந்த முகம். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

அரை மணி நேரமும் வாசித்தேன். முடிந்ததும் மிஷினை மாட்டிக்கொண்டு "எப்படி இருந்தது?" என்று கேட்டார். "நன்னா இருந்தது" என்றேன். இந்த முறை அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை இருபது நிமிடத்தில் நானே நிறுத்திவிட்டேன். இப்போது பதினைந்து. ஏன் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு நல்ல இடம் வந்துவிடும், இரண்டு மூன்று வரி சரியாக விழும். மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு அவருக்காக நாற்பது நிமிடம். இன்று வியாழக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது, போக வேண்டும்.