என் பந்து, மாப்ள!

க்யிம்யிண்டைங் மைதானத்தை நினைத்தாலே மச்சானின் குரல்தான் முதலில் காதில் விழுகிறது. "என் பந்து, மாப்ள!" மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் அணியில் தமிழர்கள் நாங்கள் இருவர்தான். அவர் கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர், நான் கோல்கீப்பர். மற்றவர்களோடு பர்மியில் கத்துவோம்; எங்களுக்குள் மட்டும் தமிழ். எதிரணிக்காரனுக்கு ஒரு மண்ணும் புரியாது. பந்து உயரே வரும்போது அந்தக் குரல் கேட்டால் நான் இடத்தைவிட்டு அசையமாட்டேன்; அவர் தலையால் முட்டி வெளியே தள்ளிவிடுவார். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. எனக்கு விழவேண்டிய உதையை வாங்கியே அவர் மூக்கு இரண்டு முறை உடைந்தது. அப்படிப்பட்டவர் அக்காவைக் கட்டிக்கொண்டதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

பிறகு பெரிய அணி ஒன்று அவரை அழைத்தது. போனார். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அவர்களோடு அமைந்தது. அதில் தோற்றால் எனக்கு அணியில் இடமில்லை என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டே மச்சானிடம் நானே அதைச் சொன்னேன், மடையன். "பயப்படாத மாப்ள, பாத்துக்கலாம்" என்றார்.

ஆட்டம் கோலே விழாமல் முடியப்போன நேரத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மச்சானும் முன்னே ஏறி வந்தார். பந்து என் கைக்கு எட்டும் உயரத்தில்தான் வந்தது. தாவப்போனேன். "என் பந்து, மாப்ள!" பாழாய்ப்போன கால்கள் அப்படியே நின்றுவிட்டன. மச்சான் தலையால் முட்டினார், என் வலைக்குள்.

எதிரணிக்காரனை ஏமாற்றக் குரல் கொடுப்பது தப்பாட்டம்; ஆனால் நடுவருக்குத் தமிழ் தெரியாது. பயிற்சியாளரிடம் நடந்ததைச் சொன்னேன். "எதிரணிக்காரன் கூப்பிட்டா நின்னுடுவியா?" என்றார். அதோடு என் ஆட்டம் முடிந்தது. தோற்றதுகூட ஆறிவிட்டது. என்னைக் காப்பாற்றிய குரலை என்மேலேயே ஏவினாரே, அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டேன். மச்சானும் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

சென்ற மாதம் அவர் ஓய்வு பெற்றார். தின்கன்ஜூனில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. "தடுத்து ஆடுறவனுக்கு வாழ்க்கையில ஒரே ஒரு கோல்!" என்று அந்தக் கார்னர் கதையை அவர் பர்மியில் சொல்ல, கூட்டம் கைதட்டியது. மேடையைவிட்டு இறங்கி எங்களிடம் வந்தார். அப்போதுதான் அவருடைய மகள் என்னிடம், "மாமா, நீங்கதானே கோல்கீப்பர்? ஏன் தாவாம நின்னீங்க?" என்று கேட்டாள். அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"கால் வழுக்கிருச்சும்மா" என்றேன்.

இப்போதாவது உண்மையைச் சொல்வார் என்று மச்சானைப் பார்த்தேன். மகளின் தோளில் கைபோட்டு, "ஆமா, அன்னைக்கு நல்ல மழை" என்றார்.

அன்று சுட்டெரிக்கிற வெயில்.